கொதிக்குப் பழகிய காளான்

தலையணை உறையில் வெள்ளைப் பொடியைப் பார்த்தபோது அனுசுயாவுக்கு முதலில் எந்தச் சந்தேகமும் வரவில்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் லாரி ஓட்டுகிறவனைக் கட்டிக்கொண்டால் வீட்டில் வெள்ளைப் பொடி இல்லாத இடம் ஏது? தமிழ்மாறனின் சட்டைக் காலரில், காது மடலில், புருவத்தில், சாப்பிடும் தட்டின் விளிம்பில்கூட அது ஒட்டிக்கொண்டு வரும். மாவு மில்காரனோடு குடும்பம் நடத்துகிறேன் என்று அவனைக் கேலி செய்வாள். அன்றும் உறையை உருவி வாளியில் போட்டுவிட்டு, முணுமுணுத்துக்கொண்டே சோப்புத் தூளைத் தேடினாள். தேடும்போதுதான் உறைத்தது. ஐப்பசி மழையில் சுரங்கப் பள்ளம் நிரம்பி ஒரு வாரம் ஆகிறது. அவன் வேலைக்கே போகவில்லை.

உறையை வாளியிலிருந்து எடுத்துப் பார்த்தாள். கல்லுத் தூள் விரலில் நறநறக்கும். இது நறநறக்கவில்லை, முகப்பவுடரைப் போல வழுக்கியது. உறை முழுக்கவும் இல்லை. தூங்கும்போது அவன் வாய் இருக்கும் இடத்தைச் சுற்றி மட்டும், ஊதிவிட்டதுபோல வட்டமாகப் படிந்திருந்தது. முகர்ந்தாள். மழை விட்ட மறுநாள் மக்கிய மரத்தடியில் வருமே, அந்த வாசனை. அவளுடைய வேலையிடத்தில் நாள் முழுக்க வீசும் வாசனை. அது தன் வீட்டுத் தலையணையில் இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை.

படுக்கையறையில் அவன் சுவரைப் பார்த்தபடி ஒருக்களித்துக் கிடந்தான். ஜன்னல் திரையை இழுத்து மூடி, நடுவில் துணி கவ்வும் கிளிப் போட்டிருந்தான். மார்பின் மேல் ஈரத் துண்டு.

"எழுந்திரிக்கலையா இன்னும்?"

"அசதியா இருக்கு அனு. நீ கெளம்பு."

"என்னத்துக்கு ஈரத் துண்டு?"

"ஒடம்பு வறண்டு போவுற மாதிரி இருக்கு. ஜொரம்லாம் இல்ல."

நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் இல்லைதான். ஆனால் இருக்க வேண்டிய சூடும் இல்லை, மண்பானையின் வெளிப்புறம்போல் சில்லென்று இருந்தது. சாயந்திரம் டாக்டரிடம் போகலாம் என்றாள். போகலாம் என்று சுவரிடம் சொன்னான். சொல்லிவிட்டு ஒருமுறை தொண்டையைச் செருமினான், அந்தச் செருமலோடு ஒரு சின்ன வெள்ளைப் புகை கிளம்பி ஜன்னல் இடுக்கு வெளிச்சத்தில் மிதந்ததுபோல் அவளுக்குத் தெரிந்தது. தூசியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொண்டாலும், கிளம்புமுன் உறையிலிருந்த பொடியில் ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

அரியலூரிலிருந்து பெரம்பலூருக்குப் போகும் சாலையில், ஒரு காலத்தில் பருத்தி மூட்டை அடுக்கிய கிடங்குதான் இப்போது அவள் வேலை செய்யும் நொதி தயாரிக்கும் கூடம். யாராவது கேட்டால், சாயப்பட்டறைத் தண்ணீரிலிருந்து நிறத்தைத் தின்னும் மருந்து தயாரிக்கிறோம் என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவாள். அந்த மருந்து காளானிலிருந்து வருவது. ஆண்டிமடம் பக்கத்து முந்திரித் தோப்புகளில், வெட்டிப் போட்ட அடிக்கட்டைகளில், இடி இடித்த மறுநாள் வெள்ளை வெள்ளையாக முளைக்கும் காளான். ஊர் ஜனங்கள் காலகாலமாகப் பறித்துக் குழம்பு வைத்துத் தின்பதுதான். அது மரத்தைக் கரைத்துச் சாப்பிடும். கரைப்பதற்காகக் கக்கும் நீர்தான் நொதி. ஒரு துண்டுக் காளானை, அவித்த சோளத்தட்டைத் தூளில் விதைத்துப் பாலிதீன் பையில் கட்டி வைத்தால், சில நாட்களில் பை முழுக்க வெள்ளை நூல் ஓடி இறுகிவிடும். பிறகு ஊறவைத்துப் பிழிந்தால் தேநீர் நிறத்தில் நொதி நீர் இறங்கும். பிழியாமல் மிஞ்சுகிற பைகளைப் பின்புறக் கொட்டகைக்கு எடுத்துப்போய், பிளேடால் கீறல் போட்டு, சுற்றிலும் ஈரச் சாக்கு கட்டித் தொங்கவிடுவார்கள். அங்கே காளான் முளைக்கும். நல்ல காளானை எறிய யாருக்கு மனசு வரும்? அனுசுயாவும், பாத்திரம் கழுவும் செல்வம்மாளும் பங்கு போட்டு வீட்டுக்குக் கொண்டுபோவார்கள்.

தமிழ்மாறனுக்கு அந்தக் காளான் குழம்பு என்றால் உயிர். கந்த சஷ்டி ஆறு நாளும் இரண்டு வேளை அதைத்தான் தின்றான். அனுசுயா தொடவில்லை. கல்யாணமாகி வெகுநாள் ஆகியும் மடி நிறையவில்லை என்று விரதம் இருந்தாள். அவள் பிறந்த வீட்டுக் கணக்கில் காளானும் கவிச்சிதான். அதனால் உப்புக்கூடப் பார்க்காமல் சமைத்து இறக்கினாள். அவனோ சட்டியை வழித்து, விரலையும் நக்கிவிட்டு, இந்த விரதத்தை மாதாமாதம் இருக்கச் சொன்னான்.

பொடியைக் கண்ணாடித் துண்டில் தூவி, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு நுண்ணோக்கியில் வைத்தாள். சீரகத்தைப் போல நீள்வட்டமான, வழவழப்பான துகள்கள். ஆயிரக்கணக்கில். மூன்று வருடமாகப் பார்த்துப் பழகிய வடிவம். தூக்கத்தில் காட்டினாலும் பெயர் சொல்வாள். முந்திரிக்கட்டைக் காளானின் வித்து. பக்கத்தில் தங்கள் வளர்ப்புக் காளானின் வித்தையும் வைத்துப் பார்த்தாள். எது எந்தப் பக்கம் என்று சற்று நேரத்தில் அவளுக்கே மறந்துவிட்டது. அத்தனை ஒற்றுமை.

தன் துணியில் ஒட்டிக்கொண்டு போயிருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அவன் வாயைச் சுற்றி வட்டமாக ஏன்?

கூடத்தின் பொறுப்பாளர் ரஞ்சித்குமார் உற்சாகமாக உள்ளே வந்தார். கையில் சோதனைக் குழாய்.

"மேடம், கடைசி பேட்ச் பாத்தீங்களா? கொதிக்கிற தண்ணியில அரை மணி நேரம் வச்சும் சாகல. எடுத்துத் தட்டுல போட்டா திரும்ப நூல் வுடுது. வாங்குறவங்க சந்தோஷப்படுவாங்க."

அனுசுயா நிமிர்ந்து பார்த்தாள்.

சாயப்பட்டறைத் தொட்டிகள் கொதித்துக்கொண்டிருக்கும். சூட்டில் சுருண்டுபோகும் நொதி அங்கே எதற்கும் ஆகாது. அதனால் அவர்கள் காளான் நூலை வெந்நீரில் முக்கினார்கள். பிழைத்ததை மட்டும் எடுத்து வளர்த்தார்கள். அதை இன்னும் சூடான நீரில் முக்கினார்கள். அதிலும் பிழைத்ததை எடுத்தார்கள். இரண்டு வருடம், பொறுமையாக, குழந்தைக்குச் சோறு பழக்குவதுபோல் அதற்குக் கொதியைப் பழக்கினார்கள். பழக்கியவள் அவளேதான். வேலை வேறு, வீடு வேறு என்று நினைத்தாளோ என்னவோ. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது, கொதித்தால் எல்லாம் செத்துப்போகும் என்று எல்லாப் பெண்களையும்போல நம்பிக்கொண்டு நின்றிருந்தாள்.

"சார், கொட்டகையில தொங்குறது எந்தப் பை?"

"இந்த பேட்ச்ல மிஞ்சினதுதான். ஏன்?"

"நீங்க காளான் எடுத்துட்டுப் போனீங்களா?"

"எனக்குக் காளான் சேராது மேடம். நீங்களும் செல்வம்மாவும்தான எடுத்தீங்க. அந்தம்மா நாலு நாளா வேலைக்கு வரல. போன் அடிச்சா எடுக்குது, பேச மாட்டேங்குது. தண்ணி சொட்டுற சத்தம் மட்டும் கேக்குது."

செல்வம்மாளின் வீடு கூடத்துக்குப் பின்னால் உள்ள ஊரில், கூப்பிடு தூரத்தில் இருந்தது. மகன் திருப்பூரில், அவள் தனி ஆள். நடுப்பகல்தான். ஆனால் மழை மேகம் ஊரை மூடி, விளக்கு வைக்கும் நேரம்போல் இருட்டிக் கிடந்தது. அனுசுயா குடையைச் சரியாகப் பிடிக்காமல் வரப்போரமாக நடந்தாள். மக்காச்சோளக் கொல்லையில் மழை விழும் சத்தம், தூரத்தில் எங்கோ ஒரு டிராக்டரின் உறுமல், அவள் செருப்பு சேற்றில் உறிஞ்சி உறிஞ்சி விடுபடும் சத்தம், இவற்றைத் தவிர ஊரில் வேறு அரவமே இல்லை. தகரக் கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. திறந்ததுமே அந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. கொட்டகைக்குள் நுழைந்த மாதிரியே இருந்தது.

"யாரு, அனும்மாவா? லைட்டு போடாதீங்க."

குரல் நன்றாகத்தான் இருந்தது. மூலையில், தரையில், ஏதோ குவிந்து கிடந்தது. கண் பழகியதும்தான் அது சாக்கு என்று தெரிந்தது. ஈரச் சாக்கு. செல்வம்மாள் அதைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். தலைமாட்டில் ஒரு குடம்.

"ஒடம்புக்கு என்னக்கா?"

"ஒன்னுமில்ல. சொகமா இருக்கு. பசி எடுக்கல, வலி தெரியல. ஈரம் மட்டும் காயாம பாத்துக்கணும். அந்தக் கொடத்துல இருந்து கொஞ்சம் ஊத்தி வுடுங்களேன்."

அனுசுயா குனிந்து சாக்குக்கு வெளியே நீட்டியிருந்த கையைப் பிடித்தாள். எழுப்பி உட்கார வைத்து, எப்படியாவது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்றுதான் பிடித்தாள். பிடித்ததும் அவள் கட்டைவிரல் உள்ளே போயிற்று. வெந்த கிழங்கில் போவதுபோல. எலும்பு தட்டுப்படவில்லை. விரலை எடுத்தாள். பள்ளம் அப்படியே நின்றது. செல்வம்மாள் ஒன்றுமே நடக்காததுபோல் இருட்டில் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஊத்துங்கம்மா" என்றாள்.

வெளியே வந்து, மழையில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். ஆம்புலன்சுக்குப் போன் செய்து ஊர், தெரு, அடையாளம் எல்லாம் சொன்னாள். பிறகு வீட்டுக்கு அடித்தாள். நெடுநேரம் மணி போயிற்று.

"சொல்லு அனு."

"எப்படி இருக்கீங்க? எழுந்து உக்காருங்க, துணி மாத்திக்குங்க. நான் வந்துட்டே இருக்கேன், திருச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போவோம். கேக்குதா?"

"கேக்குது." எதையோ புரட்டித் தேடும் சத்தம் வந்தது. "அரிசிச் சாக்கு ஒன்னு இருந்துச்சே நம்ம வூட்டுல. அதை எங்க வச்ச?"

பஸ் கிடைக்கவே வெகுநேரம் ஆயிற்று. ஏறிய பஸ்ஸும் ஓடை நிரம்பிய இடத்தில் நின்று நின்று போனது. ஜன்னலோரமாக உட்கார்ந்து கைப்பையை வயிற்றோடு அழுத்திக்கொண்டாள். பயமாக இருந்தது. சின்ன வயதில் இருட்டுக்குப் பயந்த பயம் இல்லை இது, தெரிந்தவளின் பயம். நூல் எவ்வளவு வேகமாக ஓடும், எதைத் தின்னும், எந்தப் பருவத்தில் என்ன ஆகும் என்று அவளைப்போல் தெரிந்தவர்கள் இந்த மாவட்டத்தில் இல்லை. தெரியாதவளாக இருந்திருந்தால் இத்தனை பயம் இருந்திருக்காது. நூல் ஓடும் பருவத்தில் பிடித்துவிட்டால் மருந்து உண்டு என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நரம்பில் ஏற்றுவார்கள். நாள் பிடிக்கும், ஆனாலும் பிழைத்துக்கொள்வான். முளைக்க ஆரம்பிக்கும் முன்னால் போய்விட வேண்டும், அவ்வளவுதான். முளைத்த பிறகுதான் வித்து உதிரும் என்பதை மட்டும் நினைக்க மறுத்தாள். எதிரில் சிமென்ட் லாரிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாக வந்தன. பக்கத்து இருக்கைக்காரர் இருமினார். அவள் முகத்தைத் திருப்பி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

அரியலூரில் இறங்கியபோது கரண்ட் இல்லை. ஆட்டோக்காரர் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார், உள்ளே முழங்கால் தண்ணீர். புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். ஆம்புலன்சுக்கு மறுபடியும் அடித்தாள். வண்டி எல்லாம் வெளியே போயிருக்கிறது, தண்ணீர் வடியாமல் உங்கள் தெருவுக்கு வரவும் முடியாது, பொறுங்கள் என்றார்கள்.

கதவு சும்மா சாத்தியிருந்தது.

உள்ளே இருட்டு. மழை ஓட்டில் இறங்கும் சத்தம். அதற்கு அடியில் இன்னொரு சத்தம், சன்னமாக, விட்டுவிட்டு. குழாய் சொட்டுவது. வாசனை வாசலிலேயே இருந்தது. முன்னறையில் இருந்தது. அவள் துவைக்கப் போட்டிருந்த துணியில் இருந்தது. சமையலறையில் அரிசியைத் தரையில் கொட்டிவிட்டுச் சாக்கை எடுத்துப் போயிருந்தான். குவிந்து கிடந்த அரிசியை மிதித்துவிட்டாள்.

"என்னங்க?"

"இங்க இருக்கேன்."

குளியலறை.

செல்போன் டார்ச்சைப் போட்டாள். முதுகைக் காட்டிக்கொண்டு, குழாய்க்கு அடியில், சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். தோளில் சாக்கு. தண்ணீர் அவன் உச்சந்தலையில் விழுந்து வழிந்தது.

"எழுந்திரிங்க. போவலாம்." குரல் அவளுடையதாகவே இல்லை. "எழுந்திரிங்க."

"அனு, மூச்சு முட்டுது."

"தெரியுது. எழுந்திரிங்க."

"உள்ள அடைச்சிக்கிட்டு இருக்கு. காத்தே போவல." திக்கித் திக்கிப் பேசினான். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவே மூச்சு தொண்டையில் மாட்டிக்கொண்டு கீச்சிட்டது. "முன்பக்கம் எல்லாம் நானே பாத்துக்கிட்டேன். முதுகுக்குத்தான் கை எட்டல."

கையைப் பின்னால் நீட்டினான். விரல்களுக்கு நடுவில் ஷேவிங் பிளேடு.

அவளுக்குப் புரிந்துவிட்டது. புரியாமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். நூல் நிறைந்த பையை அப்படியே விட்டால் உள்ளே மூச்சடைத்துப்போகும். முளைத்தது வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே நெளிந்து, கறுத்து, நீராகிப் பையோடு அழுகிவிடும். அதற்காகத்தான் பிளேடால் கீறல் போடுவது. கீறல் போட்டதும் காற்று உள்ளே போகும், பை பிழைத்துக்கொள்ளும். எந்த இடத்தில் போட வேண்டும் என்று பார்க்கக்கூட வேண்டாம், தடவினாலே தெரியும்.

சாக்கு நழுவி விழுந்தது.

முதுகு பாலிதீன்போல் விறைத்துப் பளபளத்தது. தோலுக்கு அடியில் ரத்தத்தின் நிறமே இல்லை. வெள்ளை. ஒரே வெள்ளை. அதில் கொத்துக் கொத்தாக, கடுகளவு, சுண்டைக்காயளவு, உருண்டைத் தலைகள். உள்ளிருந்து முட்டிக்கொண்டு. கழுத்திலிருந்து இடுப்புவரை.

ஈரக் கையில் வழுக்கி டார்ச் இடது பக்கம் சாய்ந்தது.

எல்லாத் தலைகளும் இடது பக்கம் சாய்ந்தன.

டார்ச்சை அணைத்தாள்.

இருட்டில் குழாய் சொட்டியது. அவன் மூச்சு கீச்சிட்டது. நின்றது. அடுத்த மூச்சுக்கு அவள் காத்திருந்தாள். வரவில்லை. அவன் உடம்பு மெல்ல முன்னால் சரியத் தொடங்கியது.

"வேணாங்க" என்று அழுதாள். "இருங்க. இருங்க."

அவன் விரலிலிருந்து பிளேடை எடுத்தாள். இடது கையால் முதுகைத் தடவினாள். தோள்பட்டைக்குக் கீழே, கட்டைவிரல் தானாகவே ஓர் இடத்தில் நின்றது. தினமும் நிற்கும் இடம்.

கீறினாள்.

ரத்தம் வரவில்லை. தோல் இரண்டு பக்கமும் மெல்ல விரிந்தது. உஸ்ஸென்று காற்று உள்ளே போயிற்று. உள்ளிருந்து குளிர்ந்த, ஈரமான ஒன்று வெளியே வந்து, அவள் விரலில் தலையை வைத்துக்கொண்டு நின்றது.

தமிழ்மாறன் நீளமாக மூச்சு விட்டான். நெடுநாளைக்குப் பிறகு விட்டதுபோல், நிம்மதியாக.

"இன்னும் ஒன்னு போடு" என்றான்.